பாரா-அயார்ட்டிக் கணு பெரிதாக இருந்தால் 3சி2 தானா? ஒரு கருப்பைவாய்ப் புற்றுநோய் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கதிர்வீச்சு சிகிச்சைக்காகப் பஸ் ஏறிப் புதுச்சேரி வருகிறவர்கள் நிறையப் பேர். இந்தப் பெண்ணும் அப்படி வந்தவர்தான். வயது ஐம்பதைத் தாண்டியவர், மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆனவர், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் முந்திரி உடைக்கும் வேலை. ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு கை விரல் நுனியும் கறுத்து, தோல் உரிந்து, தடித்துப் போயிருந்தன. இந்த விரல்கள் பின்னால் ஒரு இடத்தில் தேவைப்படும்.

ஐந்தாறு மாதமாக விட்டு விட்டு உதிரப்போக்கு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். முதலில் உள்ளூரில் மாத்திரை, அப்புறம் அரசு மருத்துவமனையில் பயாப்சி. முடிவு ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (தட்டைச் செல்களில் தோன்றும் புற்று), நடுத்தர வேறுபாடு (செல்கள் இயல்பிலிருந்து ஓரளவு மாறியவை). அதோடு வெளியே ஒரு ஸ்கேன் மையத்தில் வயிறு, இடுப்புக்கு சிடி எடுத்திருந்தார்கள். அந்த அறிக்கையின் கடைசி வரியில் ‘ஃபிகோ 3சி2-ஆர்’ என்று இருந்தது. அதாவது, ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் நிலைப் பட்டியல்படி, பெருந்தமனியை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்கும் (பாரா-அயார்ட்டிக் கணு) புற்று பரவியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது. பரிந்துரைக் கடிதத்தில் அதையே எழுதியிருந்தார்கள், எங்கள் ஓபி சீட்டிலும் அதுவே ஏறிவிட்டது. ஆக, யாரும் கை வைத்துப் பரிசோதிக்கும் முன்பே நோயாளிக்கு ஒரு நிலை கிடைத்துவிட்டது.

இந்த நிகழ்வை எழுதுவதற்குக் காரணமே அந்தக் கடைசி வரிதான். அதை அப்படியே நம்பியிருந்தால், இடுப்போடு நிற்க வேண்டிய கதிர்வீச்சுப் புலம் சிறுநீரக இரத்தக்குழாய் மட்டம் வரை ஏறியிருக்கும்.

கண்டவை

மயக்கம் கொடுத்துப் பரிசோதித்ததில் கருப்பைவாயில் நாலரை செ.மீ. அளவில் காலிஃபிளவர் மாதிரி வளர்ச்சி. வலது பாராமெட்ரியத்தின் (கருப்பைவாயின் பக்கவாட்டுத் திசு) உட்பாதி தடித்திருந்தது, இடுப்புச் சுவருக்கும் அதற்கும் நடுவில் விரல் தாராளமாகப் போனது. இடது பக்கம் சுத்தம். யோனியின் மேல் பகுதி லேசாக, கீழ்ப்பகுதியில் ஒன்றுமில்லை. எம்ஆர்ஐயும் இதையே சொன்னது: 4.6 செ.மீ., வலது பாராமெட்ரியத்தில் நோய் இருக்கிறது; சிறுநீர்ப்பை, மலக்குடல் தப்பித்திருக்கின்றன. இடுப்புக் கணுக்களில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, பெரியதே 6 மி.மீ. தான். ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவது) இல்லை.

சிடியை எங்கள் ரேடியாலஜிஸ்டோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். இடது பாரா-அயார்ட்டிக் பகுதியில் மூன்று கணுக்கள், பெரியதன் குறுக்களவு 18 மி.மீ., நடுவில் கருமை, ஓரத்தில் மட்டும் சாயம் ஏறியிருக்கிறது. இதெல்லாம் அறிக்கையிலேயே இருந்தது. அறிக்கையில் இல்லாதது, மெசன்டெரியிலும் (குடலைத் தாங்கும் சவ்வு) அதே தோற்றத்தில் ஒரு கணு.

இரண்டு விஷயம் உறுத்தியது. கருப்பைவாய்ப் புற்று வழக்கமாக இடுப்புக் கணுக்களைத் தொட்டுவிட்டு, காமன் இலியாக் கணுக்கள் (இடுப்பின் மேல்பகுதிப் பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டியவை) வழியாகத்தான் மேலே ஏறும். கீழே ஒன்றுமில்லாமல் நேராகப் பாரா-அயார்ட்டிக்குக்குத் தாவுவது நடக்காத காரியமில்லை, ஆனால் அபூர்வம். மெசன்டெரியோ கருப்பைவாயின் வடிகால் பாதையிலேயே இல்லை. நடுவில் சிதைந்து ஓரம் மட்டும் தெரிவதை வைத்து எதையும் முடிவு கட்டவும் முடியாது, ஸ்குவாமஸ் மெட்டாஸ்டாசிஸும் (பரவிய புற்றும்) அப்படித்தான் தெரியும், காசநோயும் அப்படித்தான் தெரியும்.

ஹீமோகுளோபின் 8.6, கிரியாட்டினின் 0.8, எச்ஐவி நெகட்டிவ். நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது மேல்பகுதியில் பழைய தழும்பு மாதிரி ஒரு கோடு. எடை குறைந்திருந்தது, ஆனால் மாதக் கணக்காக உதிரம் போகிற ஒருவருக்கு எடை குறைந்ததைத் தனியாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

திருப்பம் வந்தது வார்டில். ‘வீட்டில் யாருக்காவது டிபி உண்டா’ என்று ஓபியில் கேட்டபோது இல்லை என்றே சொல்லியிருந்தார். இரவுப் பணியிலிருந்த சிஸ்டர் கடலூர்ப் பக்கத்துக்காரர், வேறு மாதிரி கேட்டார்: “ஏம்மா, வூட்டுல யாராச்சும் ஆறு மாசம் தொடர்ந்து மாத்திர சாப்ட்டாங்களா?” உடனே பதில் வந்தது: “எங்க சின்னவன்தான் சிஸ்டர், சளி எடுத்துப் பாத்துட்டுக் குடுத்தாங்க, நர்சம்மா வூட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போவாங்க. இப்ப நல்லாயிட்டான்.” சாயங்காலம் உடம்பு காயுமா என்று கேட்டதற்கு, அது உதிரம் போறதால வர்ற காய்ச்சல்னு நெனச்சேன் என்றார்.

நிலை குறிப்பதில் எங்கே சிக்கல்

2018க்கு முன்பு ஃபிகோ முறையில் கருப்பைவாய்ப் புற்றுக்கு நிலை குறிப்பது முழுக்க மருத்துவப் பரிசோதனையை வைத்துத்தான். கணு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலை மாறாது. 2018 திருத்தத்தில்தான் ஸ்கேனும் திசு ஆய்வும் உள்ளே வந்தன. இடுப்புக் கணு என்றால் 3சி1, பாரா-அயார்ட்டிக் என்றால் 3சி2, ஸ்கேனை வைத்துச் சொன்னால் பக்கத்தில் ‘ஆர்’, திசுவை வைத்துச் சொன்னால் ‘பி’. நல்ல மாற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ‘ஆர்’ எவ்வளவு பலவீனமான எழுத்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குறுக்களவு 10 மி.மீ. தாண்டினால் சந்தேகம் என்பது நாம் சிடி பார்க்கும்போது வைத்துக்கொள்ளும் அளவுகோல், கணு ஏன் பெருத்தது என்று அது சொல்லாது. காசநோய் அதிகமுள்ள பகுதிகளில் பெரிய கணுவெல்லாம் மெட்டாஸ்டாசிஸ் ஆகிவிடாது, முடிந்த இடத்தில் ஊசி போட்டோ பயாப்சி எடுத்தோ உறுதிப்படுத்தலாம் என்று ஃபிகோவின் 2018 அறிக்கையே சொல்கிறது. நம் ஊருக்காகவே எழுதிய வரி மாதிரி இருக்கிறது, அட்டவணையை மட்டும் சுவரில் ஒட்டி வைத்திருப்பதால் இந்த வரி கண்ணில் படுவதில்லை.

3பி-யிலும் (நோய் இடுப்புச் சுவர் வரை போன, அல்லது சிறுநீரகத்தைப் பாதித்த நிலை) இதே மாதிரி ஒரு விதிவிலக்கு உண்டு: ஹைட்ரோநெஃப்ரோசிஸ் இருந்தால் 3பி, வேறு காரணம் என்று தெரிந்தால் இல்லை. சிறுநீரகக் கல்லால் வந்த வீக்கத்துக்கு 3பி போட்ட ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ட்யூமர் போர்டில் (பல துறை மருத்துவர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டம்) நல்ல சண்டை. ஒரு தரப்பு, நேரத்தை வீணாக்காமல் விரிந்த புலத்தில் (பாரா-அயார்ட்டிக் பகுதியையும் சேர்த்து) ஐஎம்ஆர்டி (இலக்கின் வடிவத்துக்கேற்ப டோஸை அமைக்கும் கதிர்வீச்சு) கொடுத்து, கணுக்களுக்கு பூஸ்டும் (கூடுதல் டோஸ்) சேர்த்துவிடலாம் என்றது, பாரா-அயார்ட்டிக் நோயை விட்டுவிட்டால் பின்னால் பிடிக்க முடியாது என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. இன்னொருவர் பெட்-சிடி (குளுக்கோஸை அதிகம் இழுக்கும் இடங்களைக் காட்டும் ஸ்கேன்) கேட்டார். பெட் எடுத்தால் இரண்டு நோயிலும் கணு ஒளிரத்தான் போகிறது, காசநோய்க் கட்டியில் குவிந்திருக்கும் மேக்ரோஃபேஜ்களும் (நோய் எதிர்ப்புச் செல்கள்) குளுக்கோஸைப் போட்டி போட்டு இழுக்கும், ஆகவே நம் கேள்விக்கு அதில் விடை இல்லை என்று விட்டுவிட்டோம். மகளிர் நோய் அறுவை சிகிச்சைக்காரர் லேப்ராஸ்கோப்பி வழியாகக் கணு எடுக்கத் தயாராக இருந்தார். முதலில் ஊசி, அது தோற்றால் லேப்ராஸ்கோப்பி என்று முடிவானது.

மெலிந்த உடம்பு என்பதால் அல்ட்ராசவுண்ட் பார்த்தே முதல் எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பது). வந்த பதில்: சிதைந்த பொருள், அழற்சி செல்கள் கொஞ்சம், புற்றுசெல் தென்படவில்லை. இதை ‘நெகட்டிவ்’ என்று படிக்கக் கூடாது. ஸ்குவாமஸ் மெட்டாஸ்டாசிஸின் நடுவில் குத்தினாலும் இதேதான் வரும். அடுத்து சிடி வழிகாட்டுதலில், குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்புக்கு இடப்பக்கமாக உள்ளே போய், கணுவின் நடுவை விட்டு ஓரத்திலிருந்து கோர் பயாப்சி (தடித்த ஊசியால் திசுத் துண்டு) எடுத்தோம். இரண்டு துண்டு ஃபார்மலினில், ஒன்று சலைனில். சலைனில் ஒன்று போட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வழியில்லை, சிபிநாட் பரிசோதனைக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுவது) அந்தத் துண்டு உதவாது.

பயாப்சி முடிவு: கேசியேட்டிங் கிரானுலோமா, லாங்ஹான்ஸ் ராட்சத செல்கள் (இரண்டும் காசநோயைக் காட்டுபவை), இந்த வகைப் புற்றுசெல்லைக் காட்டும் சைட்டோகெராட்டினும் பி40யும் நெகட்டிவ். ஆசிட் ஃபாஸ்ட் சாயத்தில் கிருமி தெரியவில்லை, ஆனால் சிபிநாட் பாசிட்டிவ், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. சளியில் சிபிநாட் நெகட்டிவ் என்பதால் வார்டில் தனியாக வைக்க வேண்டியிருக்கவில்லை.

இதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கிரானுலோமா இருந்தால் புற்று இல்லை என்று எந்த விதியும் கிடையாது. புற்றுநோய் வடியும் கணுக்களில் காசநோய் இல்லாமலே கிரானுலோமா வருவதுண்டு, காசநோயும் மெட்டாஸ்டாசிஸும் ஒரே இடத்தில் இருப்பதும் உண்டு. நாங்கள் தொட்டது மூன்றில் ஒன்றைத்தான். ஆனாலும் கிருமியே கிடைத்திருக்கிறது, எல்லாக் கணுவும் ஒரே தோற்றம், இடுப்புக் கணு சுத்தம், மெசன்டெரி கணுவைப் புற்றுக் கணக்கில் சேர்க்க முடியாது. சந்தேகம் மிச்சமிருந்தால் குறைந்த நிலையையே குறிக்க வேண்டும் என்பது ஃபிகோவின் பொது விதி. ஆகவே 2பி, அதாவது பாராமெட்ரியம் வரை வந்தும் இடுப்புச் சுவரைத் தொடாத நிலை. ஃபைலில் இப்படி எழுதினோம்: ‘ஃபிகோ 2018, நிலை 2பி. பாரா-அயார்ட்டிக் கணு 18 மி.மீ., கோர் பயாப்சியில் காசநோய், சிபிநாட் பாசிட்டிவ். மற்ற இரண்டு கணுக்கள் பயாப்சி செய்யப்படவில்லை.’ அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்க்கலாமா என்று கொஞ்சம் விவாதம் நடந்தது. சேர்த்தோம், பின்னால் அதுதான் கை கொடுத்தது.

சிகிச்சை: முதலில் இரத்தம் ஏற்றினோம், இரத்தப்போக்குக்கு பேக்கிங் (யோனியில் துணி வைத்து அடைப்பது). காசநோய்க்கு வழக்கமான நான்கு மருந்துகள் (ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைட், எத்தாம்பியூட்டால்), தினசரி, நரம்பைக் காக்கும் பைரிடாக்சினோடு. திட்டமிடுதல், முன்சோதனைகள் எல்லாம் முடிவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும் என்பதால், அதற்குமேல் காத்திருக்காமல் கதிர்வீச்சை ஆரம்பித்தோம். இடுப்புக்கு 25 பின்னங்களில் (தவணைகளில்) 45 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு), மேல் எல்லை பெருந்தமனி பிரியும் இடம். வாராவாரம் சிஸ்பிளாட்டின் (கீமோ மருந்து), உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மி.கி. அப்புறம் எச்டிஆர் பிராக்கிதெரபி (உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு), 7 கிரே வீதம் நான்கு முறை.

பாரா-அயார்ட்டிக் கணுக்களுக்கு டோஸ் கொடுக்காவிட்டாலும் பிளானில் அவற்றை வரைந்து வைத்தோம், ஐசோசென்டரையும் (கதிர்கள் சந்திக்கும் மையப்புள்ளி) மேல் எல்லையில் டோஸ் எப்படி விழுகிறது என்பதையும் தனியாகப் பதிவு செய்தோம். நாளைக்கு மேலே ஒரு புலம் சேர்க்க வேண்டி வந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் குடலுக்கு இரட்டை டோஸ் விழக் கூடாதே. விரிந்த புலத்தை முதலிலேயே கொடுக்காததற்கு இன்னொரு காரணம் டியோடினமும் (முன்சிறுகுடல்) எலும்பு மஜ்ஜையும். சிஸ்பிளாட்டின், காசநோய் மருந்து, அதோடு மேல்வயிற்றுக் கதிர்வீச்சு மூன்றையும் ஒன்றாகத் தாங்குகிற உடம்பாக அது இல்லை.

பின்னர் நடந்தவை

கதிர்வீச்சின் மூன்றாவது வாரம் விடாத வாந்தி. சிஸ்பிளாட்டின்தானே என்று வாந்தியை அடக்கும் ஆன்டான்செட்ரானைக் கூட்டிப் பார்த்தார்கள், அடங்கவில்லை. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு ஆன்டான்செட்ரானையும் டெக்ஸாமெத்தசோனையும் வேகமாகக் கரைத்துவிடும், அதனால் வழக்கமான அளவு எடுபடாது என்று பார்மசியில் ஒருவர் ஞாபகப்படுத்தினார். சரி, அதோடு ஏஎல்டியும் (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) பார்ப்போம் என்று பார்த்தால் இயல்பைவிட நான்கு மடங்கு. அறிகுறியோடு மூன்று மடங்கு தாண்டினாலே நிறுத்த வேண்டும். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைட் மூன்றையும் நிறுத்தி, எத்தாம்பியூட்டாலைத் தொடர்ந்து, நெஞ்சக மருத்துவர் சொன்னபடி தற்காலிகமாக லீவோஃப்ளாக்சசின் சேர்த்தோம். ஆன்டான்செட்ரானோடு அது சேர்ந்தால் க்யூடி (ஈசிஜியில் தெரியும் இதய மின் இடைவெளி) நீளும் என்பதால் ஈசிஜி எடுத்துக்கொண்டே இருந்தோம். ஸ்ட்ரெப்டோமைசின் பேச்சும் வந்தது, சிஸ்பிளாட்டின் ஓடும்போது காதுக்கும் சிறுநீரகத்துக்கும் அது கூடவே கூடாது என்று மறுத்துவிட்டோம். அந்த வாரம் சிஸ்பிளாட்டின் இல்லை, கதிர்வீச்சு மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. ஏஎல்டி இறங்கியதும் ரிஃபாம்பிசின், அப்புறம் ஐசோனியசிட் என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம். பைரசினமைட்டைத் திரும்பத் தரவில்லை, அதனால் மொத்தச் சிகிச்சை ஒன்பது மாதம் என்றானது. சிஸ்பிளாட்டின் ஐந்தில் நான்கு கிடைத்தது.

விரல் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னபோது சிஸ்பிளாட்டின், ஐசோனியசிட் இரண்டின் மீதும் சந்தேகம் விழுந்தது. ஆனால் சிகிச்சைக்கு முன்பே விரல் நுனி மரத்திருக்கிறது, முந்திரி எண்ணெய்த் தழும்பு என்று முதல் நாள் குறிப்பில் ஜூனியர் ஒருவர் எழுதி வைத்திருந்தார். பாதத்தில் உணர்வு சரியாக இருந்தது. மருந்தை மாற்றவில்லை.

கல்லீரல் தேறி ரிஃபாம்பிசின் திரும்ப ஆரம்பித்த மறுநாள், தங்கியிருந்த அரியாங்குப்பம் உறவினர் வீட்டிலிருந்து பதறியடித்துக்கொண்டு வந்தார்கள். “டாக்டரய்யா, யூரின்ல ரத்தம் போவுது.” பாட்டிலில் கொண்டுவந்திருந்ததைப் பார்த்தால் ஆரஞ்சுச் சிவப்பு, தெளிவாக இருந்தது, கட்டியோ கலங்கலோ இல்லை. டிப்ஸ்டிக்கில் இரத்தம் இல்லை. மாத்திரை ஆரம்பித்த முதல் நாளே இந்த நிறம் வரும் என்று சொல்லியிருந்தோம்தான், ஆனால் நடுவில் நிறுத்தியதில் நிறம் போய்த் திரும்ப வந்ததும் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்ததால் வந்த ரத்தம் என்று பயந்துவிட்டார்கள்.

பிராக்கிதெரபிக்கு முன்பு எடுத்த சிடியில்தான் எல்லோருக்கும் தூக்கம் போனது. கருப்பைவாய்க் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது, ஆனால் 18 மி.மீ. கணு 22 ஆகியிருந்தது. காசநோய் சிகிச்சையின் ஆரம்ப மாதங்களில் கணு சுருங்குவதற்கு முன் பெருப்பதுண்டு, எச்ஐவி இல்லாதவர்களுக்கும் வரும், போதாக்குறைக்கு நடுவில் மருந்தே தடைபட்டிருந்தது. அது ஒரு விளக்கம். ஆனால் கதிர் படாத மெட்டாஸ்டாசிஸும் பெருக்கத்தானே செய்யும்? கீழே கட்டி சுருங்கியதை வைத்து மேலே உள்ளதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ‘மற்ற இரண்டு கணுக்கள் பயாப்சி செய்யப்படவில்லை’ என்ற வரியைக் காட்டித்தான் ஒருவர் மறுபடி ஊசி கேட்டார். முதலில் தொடாத கணு ஒன்றிலிருந்து கோர் எடுத்தோம். மறுபடியும் கிரானுலோமா, புற்றுசெல் இல்லை. புலத்தை விரிக்கவில்லை. பிராக்கிதெரபி தள்ளிப்போகாமல் எம்ஆர்ஐ அடிப்படையில் முடிந்தது, உயர் ஆபத்து இலக்குப் பகுதியின் 90 சதவீதத்துக்குக் கிடைத்த மொத்த டோஸ் (டி90), 2 கிரே பின்னங்களுக்குச் சமமாக மாற்றிய ஈக்யூடி2 கணக்கில், 86 கிரே, மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள்.

மூன்றாவது மாதம் பரிசோதனையிலும் எம்ஆர்ஐயிலும் கட்டி இல்லை. பெரிய கணு 12 மி.மீ. காசநோய் சிகிச்சை முடிந்தபோது 7 மி.மீ., ஓரத்தில் சுண்ணாம்புப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. ஒன்றரை வருடம் ஆகிறது, நோய் திரும்பவில்லை. யோனி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, எப்போதாவது வயிற்றுப்போக்கு. முந்திரி உடைக்கப் போவதில்லை, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது மாறியவை

ட்யூமர் போர்டு படிவத்தில் ‘நிலை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எதை வைத்து’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். ஸ்கேன் அறிக்கையில் வரும் நிலையை அதில் எழுதக் கூடாது, அளவையும் இடத்தையும் மட்டும் எழுத வேண்டும். டிபி பற்றிக் கேட்கும்போது அந்தச் சிஸ்டர் கேட்ட மாதிரி, ஆறு மாத மாத்திரை என்றே கேட்கிறோம். கணுவில் ஊசி போகிற எல்லோருக்கும் முதல் முறையிலேயே சலைன் பாட்டில் ஒன்று தயாராக இருக்கும். இந்த நோயாளிக்கு முதல் எஃப்என்ஏசியிலேயே அதைச் செய்திருந்தால் இரண்டாவது ஊசியே தேவைப்பட்டிருக்காது என்று ஒருவர் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, சிபிநாட் பாசிட்டிவ் வந்திருந்தாலும் திசுவைப் பார்க்காமல் புற்று இல்லை என்று எழுதியிருக்க முடியாது.

காசநோய் மருந்தோடு சிஸ்பிளாட்டின் வாங்குகிறவர்களுக்கு ஏஎல்டி இப்போது வாராவாரம், வாந்தி வந்த பிறகு அல்ல. மாநிலம் மாறி வருகிறவர்களின் நிக்ஷய் (அரசின் காசநோய் இணையத்தளம்) பதிவை முதல் வாரத்திலேயே கடலூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி முடித்துவிடுகிறோம், இல்லாவிட்டால் மாத்திரை பண்ருட்டியில், நோயாளி அரியாங்குப்பத்தில் என்று ஆகிவிடும்.

விரிந்த புலம் கேட்ட சகா இன்னமும் தன் கருத்தை விடவில்லை: காசநோய் உறுதியானாலும், இதே நோயாளிக்கு இடுப்பில் ஒரே ஒரு கணு பாசிட்டிவாக இருந்திருந்தால் மேலேயும் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். இடுப்புக் கணு பாசிட்டிவ் என்றால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அடுத்த சிடி இரண்டாம் வருட முடிவில். இடையில் கணு 10 மி.மீ. தாண்டினால், சுண்ணாம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான்காவது ஊசி என்று ஃபைலில் எழுதி வைத்திருக்கிறோம்.